எர்த் தொட்ட மைக்

அஞ்சத்தக்கவை என்று இவ்வுலகில் எவையெல்லாம் உண்டோ, அவை ஒவ்வொன்றுக்கும் முறையாக, ஒன்றுகூட விடுபடாமல் அஞ்சி முடித்த ஒரே மனிதர் எங்கள் எர்த். மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டுக்கு அஞ்சி, கனத்த ஆம்ப்ளிஃபயரைத் தோளில் சுமந்தபடி சாதாரணப் படிக்கட்டில் ஏறுவார். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது அவர் அந்த வீட்டில் இருக்கமாட்டார். இரண்டாவது விசிலுக்கே தெருவுக்கு வந்திருப்பார். லிஃப்ட், குரங்கு, ஊதிய பலூன், பிறர் ஓட்டும் ஸ்கூட்டர் ஆகியவை பட்டியலில் அடுத்து வருபவை. குரைக்கும் நாயைவிட வாலாட்டும் நாய்க்கு அவர் அதிகம் அஞ்சுவார். குரைக்கும் நாயின் எண்ணமாவது தெரிந்துவிடுகிறது என்பது அவர் வாதம்.

இப்படிப்பட்டவரை ஒரு ராக் இசைக்குழு மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழுவில் பாடியவள் நான்.

அவருக்கு ஆதார் அட்டையில் வேறொரு பெயர் இருந்தது. விடுதி வரவேற்பறையில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால், அழைக்கப்படுவது யார் என்று அவர் உட்பட நாங்கள் அனைவரும் திரும்பிப் பார்ப்போம். எந்த மேடைக்குப் போனாலும், வணக்கம் சொல்வதற்கும் முன்பாக அவர் கேட்கும் முதல் கேள்வி, "எர்த் எங்க இருக்கு?" என்பதுதான். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கி மனிதரைக் காப்பாற்றும் கம்பிக்கு அந்தப் பெயர் இருப்பது தெரியாதவர்கள், அவரை ஏதோ வானியல் ஆர்வலர் என்று நினைத்தார்கள்.

எங்கள் குழுவின் பெயர் 'லிஃப்ட் இல்லை'. ஜனக்புரியில் பாலாவின் பெற்றோர் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில்தான் ஒத்திகை நடக்கும். டிரம்ஸ் முதல் ஸ்பீக்கர் வரை அனைத்தையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியவர்களுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. கிட்டார் வாசிக்கும் பாலாதான் தலைவன். வங்கி அதிகாரியின் மகன், தில்லியிலேயே பிறந்தவன், தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. நான் எழுதும் பாடல்களை இந்தி எழுத்தில் பெயர்த்து வைத்துக்கொள்வான். டிரம்ஸ் வாசித்த குர்ப்ரீத்துக்குத் தமிழே தெரியாது. ஆனால் என் பாடலில் எந்தச் சொல் அழுகிறது என்று எப்படியோ அவனுக்குத் தெரிந்துவிடும். பாஸ் கிட்டார் வாசித்த டோனி, மூன்று ஆண்டுகளில் மொத்தம் பதினைந்து வாக்கியங்கள் பேசியிருக்கலாம்.

நான் இலக்கிய மாணவி. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவள். என் குரலைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: பேசக்கூடாது என்று பலகை வைத்திருக்கும் நூலகத்தில்கூட, சற்று உரக்கச் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பாடல் எழுதத்தான் பாலாவிடம் போனேன். பாட வேண்டியவள் வேறு ஊருக்குப் போய்விட்டதால், அவள் இடத்தில் நான் நிறுத்தப்பட்டேன். மேடை என்றால் எனக்கு அடிவயிற்றில் பனிக்கட்டி இறங்கும். அந்தப் பனி இன்றுவரை முழுமையாகக் கரையவில்லை.

முதல் நிகழ்ச்சி ஜனக்புரிக் குடியிருப்பின் பூங்காவில், பொங்கல் விழாவன்று, குழந்தைகளின் மாறுவேடப் போட்டிக்கு அடுத்ததாக அமைந்தது. பாரதமாதா வேடமிட்ட ஐவர் இறங்கிப் போக, நாங்கள் ஏறினோம். பாலாவும் சேர்ந்து பாட வேண்டிய வரி வந்தது. கிட்டார்க் கம்பிகளில் கையை வைத்தபடியே மைக்கில் உதட்டை வைத்தான். அடுத்த கணம் இரண்டடி உயரம் துள்ளினான். கூட்டம் அதை ஆட்டம் என்று எண்ணிக் கைதட்டியது. கைதட்டலுக்கு மதிப்பளித்து மறுபடியும் மைக்கை நெருங்கிய பாலா மறுபடியும் துள்ளினான். விசில் பறந்தது.

அந்தப் பூங்காவில் கைதட்டாத ஒரே மனிதர், பந்தலுக்கு வண்ண விளக்கு கட்ட டெண்ட் ஹவுஸ்காரர்களோடு வந்திருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் டெஸ்டர். மேடைக்குப் பின்னால் ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்கள் முன் வந்து நின்றார்.

"ஏலே, அது ஆட்டம் இல்லலே. கரன்ட்டு."

பாலாவின் முடி இன்னும் நின்றுகொண்டிருந்தது. "அண்ணா, பப்ளிக்குக்குப் பிடிச்சிருக்கு. ஏன் நிறுத்தினீங்க?"

"பிடிச்சிருக்கும்லே. பிடிச்சா விடாது. அதான் அதோட குணம்."

எங்கள் முதல் நிகழ்ச்சி நான்கரை நிமிடங்களில் முடிந்தது. ஒத்திகைக்காக மறுநாள் நாங்கள் மூன்றாம் மாடி ஏறியபோது, அவர் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அவரை யாரும் அழைத்திருக்கவில்லை.

"இனிமே நானும் கூட வருதேன்," என்றார். "இல்லன்னா நீங்க நாலு பேரும் செத்துப்போவிய."

இதைவிடச் சுருக்கமான வேலை விண்ணப்பத்தை நான் கண்டதில்லை. டோனி அன்று தன் பதினைந்து வாக்கியங்களில் ஒன்றைச் செலவழித்தான்: "இவரை வச்சுக்கலாம்."

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் அவருடையது. தந்தை மத்திய அரசில் எழுத்தர். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் எர்த். எனவே அவருடைய தமிழில் தாமிரபரணியும் யமுனையும் ஒன்றாக ஓடும். "ருக்கோலே," என்பார், நில்லுலே என்பதற்கு. "அச்சா, கேளும்மா," என்பார். என் காதுக்கு அது பழகிவிட்டது.

அவரோடு வரும் சாமான்கள் வருமாறு: நான்கடி நீள இரும்புக் கம்பி ஒன்று, சம்மட்டி ஒன்று, கல்லுப்பு ஒரு மூட்டை, தண்ணீர்க் கேன் இரண்டு, ரப்பர் விரிப்பு ஒன்று. மேடைக்குப் பின்னால் ஈரமண் தேடிக் கம்பியை அடித்து இறக்கி, மின்சாரம் எளிதில் இறங்க உப்பிட்டு நீர் ஊற்றி, அதிலிருந்து மேடைக்குக் கம்பி இழுப்பார். பிறர் போட்ட எர்த்தை அவர் நம்பியதில்லை. ஹரியானா எல்லையில் ஒருமுறை காவலர் ஒருவர் எங்கள் டெம்போவைச் சோதித்தார். கிட்டார்ப் பெட்டிகளை அவர் பொருட்படுத்தவில்லை. கம்பியையும் சம்மட்டியையும் உப்பு மூட்டையையும் ஒன்றாகப் பார்த்ததும் முகம் மாறி, யாரைப் புதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"யாரையும் புதைக்கக் கூடாதுன்னுதான் ஐயா கொண்டுபோறோம்," என்று எர்த் இந்தியில் உண்மையைச் சொன்னார். அந்த உண்மையை விளக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இவற்றுக்கெல்லாம் பின்னர் வருவது அவருடைய சடங்கு. மைக்கின் முன் வந்து நிற்பார். இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாகச் செருகிக்கொள்வார். கண்ணை மூடுவார். "எம்மா" என்று வாய்க்குள் முனகிக்கொண்டே வலக்கையின் புறத்தால் மைக்கை ஒரு கணம் தொடுவார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, தாம் இன்னும் இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்வார்: "ஆச்சு. பாடு."

ஏன் புறங்கை என்று கேட்டேன். உள்ளங்கையால் தொட்டால், மின்சாரம் பாயும்போது விரல்கள் தாமாகவே மடங்கி அதையே பற்றிக்கொள்ளும். புறங்கையால் தொட்டால், மடங்கும் கை விலகி வந்துவிடும். இடக்கை ஏன் பைக்குள்? "ரெண்டு கையும் வெளிய இருந்தா, இந்தக் கை வழியா ஏறி அந்தக் கை வழியா இறங்கும்மா. நடுவுல நெஞ்சு இருக்குல்லா." இதைக் கேட்ட நாள்முதல், எர்த் தொடாத மைக்கின் அருகில் நான் போனதில்லை. போக முடியவில்லை என்பதே சரி. "ஆச்சு. பாடு" என்ற அந்த இரண்டு சொற்கள் காதில் விழுந்தால் மட்டுமே என் தொண்டை திறந்தது.

அந்த மூன்று ஆண்டுகள் நாங்கள் ஓயாமல் பயணம் செய்தோம். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் டெம்போவில் ஏறினால் திங்கள் காலை வகுப்புக்கு நேராக வந்து இறங்குவேன். ரோத்தக், கர்னால், மீரட், ஆல்வார், ஜெய்ப்பூர், சண்டிகர், டேராடூன். கார் விற்பனையகத் திறப்புவிழாவில் வாசித்தோம். வாங்க வந்தவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு திருமணத்தில் மணமகனின் மாமா என் பாடல் முழுவதையும் கேட்டுவிட்டு, நல்ல பாட்டு, இப்போது நடனமாடக்கூடிய ஒன்றைப் பாடு என்றார். குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் பனிமூட்டம் கவிந்தால், எர்த் ஓட்டுநரின் தோளைப் பற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத லாரிகளின் எண்ணிக்கையைத் தம் கணிப்பின்படி அறிவித்துக்கொண்டே வருவார். இறுக மூடிய கண்களோடு அவர் அதைச் செய்வதைக் கண்ட ஓட்டுநர் ஒருவர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதார்.

இவ்வளவு அஞ்சுகிறவரால் எங்கள் இசை வளர்ந்தது என்று சொன்னால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். நடந்தது அதுதான். எர்த் மண் தேடி, கம்பி அடித்து, கண் மூடித் தொட்டு முடிக்க நாற்பது நிமிடமாவது பிடிக்கும். அதுவரை கிட்டாருக்கும் மைக்குக்கும் உயிர் இல்லை. காத்திருக்கும் கூட்டமோ முதலில் முணுமுணுக்கும், பின்பு கத்தும். கர்னாலில் தண்ணீர்ப் பாக்கெட்டுகள் பறந்து வந்தன. அவற்றில் ஒன்று குர்ப்ரீத்தின் தலைப்பாகையில் விழுந்து உடைந்தபோது, அவன் சினத்தோடு டிரம்ஸை அடிக்கத் தொடங்கினான். டிரம்ஸுக்கு மின்சாரம் தேவையில்லை. பறந்து வந்தவை நின்றன. அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். வேறு வழியின்றி மேடை விளிம்பில் போய் நின்று, மைக் இல்லாத வெறுங்குரலில் பாடினேன். முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது.

மீரட்டில் மூன்றாம் வரிசைக்குக் கேட்டது. ஜெய்ப்பூரில் ஒருவர், நடுவரிசையிலிருந்து எழுந்து, பின்னால் இருப்பவர்களை அமைதியாக இருக்கும்படி அதட்டினார். ஒவ்வோர் ஊரிலும் எர்த்தின் அச்சம் நாற்பது நிமிடம் நீள, ஒவ்வோர் ஊரிலும் என் குரல் ஒரு வரிசை முன்னேறியது. நாளடைவில் அந்த நாற்பது நிமிடத்துக்கென்றே சில பாடல்கள் எழுதினேன்.

ஆனால் பாலாவுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று இடங்களில் எர்த் ஒப்புதல் தராததால் நாங்கள் ஒரு பாட்டுகூடப் பாடாமல் திரும்பியிருந்தோம்.

"அண்ணா, நாம ராக் பேண்டா, இல்ல மின்வாரியமா?" என்று ஒருநாள் டெம்போவில் கேட்டான். "ஜல்தி ஓகே சொல்லக் கத்துக்கோங்க. மத்த பேண்டெல்லாம் அப்படித்தானே வாசிக்கிறாங்க."

"மத்த பேண்டுக்கு நான் கூடப் போகலலே. அவங்க தலையெழுத்து."

ஆல்வாரில் அது நடந்தது. வழக்கம்போல் இடக்கை பைக்குள், "எம்மா", புறங்கை. தொட்ட கணத்தில் எர்த் பின்னால் தூக்கி எறியப்பட்டு டிரம்ஸின்மேல் விழுந்தார். பழக்கத்தால் குர்ப்ரீத் சிம்பல் தகட்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டான், கூட்டம் ஆர்ப்பரித்தது. எர்த் எழுந்து உட்காரச் சிறிது நேரம் ஆயிற்று. தண்ணீர் கொடுத்தோம், டம்ளர் பல்லில் தாளமிட்டது. பிறகு மேடைக்குப் பின்னால் போனார். புதிய இடத்தில் கம்பி அடிக்கும் ஓசை கேட்டது. அரைமணி கழித்துத் திரும்பி வந்து, அதே மைக்கின் முன் நின்று, அதே கையை நீட்டினார். அந்தக் கை காற்றில் ஆடும் காகிதம் போல் நடுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆச்சு. பாடு."

அன்று திரும்பும் வழியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொதுவாக நானாகப் பேச்சைத் தொடங்குபவள் அல்ல.

"அண்ணா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயம் இல்லாமயா? ஒவ்வொரு தடவையும்தாம்மா. ஓடிரலாமான்னுதான் முதல்ல தோணும்."

"டெஸ்டர் வச்சுப் பார்த்தா போதாதா?"

"டெஸ்டர் சில நேரம் பொய் சொல்லும். கை சொல்லாது."

"அப்போ நானே தொட்டுக்கிறேனே. நான்தானே அதுல பாடப் போறேன்."

"அதான் வேண்டாங்கேன். நீ பாடணும்லா."

 பிறகு அவராகவே சொன்னார்: "எங்க க்வார்ட்டர்ஸ்ல எல்லாக் கூலரும் கரன்ட்டு அடிக்கும். குளிர்ந்த காத்துக்குத் தண்ணி ஊத்தி ஓட்டுற இரும்புக் கூலர்லா. எங்கம்மா செருப்பப் போட்டுக்கிட்டுதான் தண்ணி ஊத்துவா. ஒருநாள் அவசரத்துல செருப்பு போடல. அதைப் பிடிச்சது பிடிச்சபடி நின்னா. நான் ஒம்பதாங்கிளாஸ். கிட்டப் போக பயமா இருந்துது. சுவிட்ச அணைக்கணும்னு தோணவே இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் அணைச்சார்."

சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைச் சரிசெய்துகொண்டார்.

"பிழைச்சுட்டா," என்றார். "மூணு விரல் மடங்காது. அதை வச்சுக்கிட்டு இன்னைக்கும் தோசை சுடுதா. நல்லாத்தான் சுடுதா."

அடுத்த ஆகஸ்டில், தில்லிக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் விழாவில் வாசிக்க அழைப்பு வந்தது. அதுவரை நாங்கள் கண்ட கூட்டங்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் எட்டாத கூட்டம். ஒன்பது நகரங்களுக்கான இசைப் பயணத்துக்குக் குழு தேடிக்கொண்டிருந்த மெஹ்ரா மேடம் நேரில் வந்திருந்தார். அன்று நன்றாக வாசித்தால் அந்தப் பயணம் எங்களுக்கு. பாலா மூன்று நாளாகத் தூங்கியிருக்கவில்லை.

மாலை ஐந்தரை மணி. மழை பெய்து ஓய்ந்திருந்தது. புல்வெளியில் இரும்பு மேடை, பிரம்மாண்டமான திரை, லாரி அளவு ஜெனரேட்டர். முன்னால் கூட்டத்தைத் தடுக்க நீண்ட இரும்பு வேலி. விழாக்காரர்கள் வைத்திருந்த எலக்ட்ரீஷியன், எர்த்தின் உப்பு மூட்டையைக் கண்டு, சமைக்கவா வந்தீர்கள் என்று கேட்டுச் சிரித்தான். எர்த் பொருட்படுத்தாமல் கம்பி அடித்தார். மைக்கைத் தொட்டார். நான் காத்திருந்தேன்.

அவர் "ஆச்சு" என்று மட்டும் சொன்னார். "பாடு" வரவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேராக அந்த வேலியிடம் போய், அதையும் புறங்கையால் தொட்டார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"வேலியில கை வச்சா எறும்பு ஊருது. கரன்ட்டு கசியுது."

விழாக்கார எலக்ட்ரீஷியன் தன் டெஸ்டரை வேலியில் வைத்துக் காட்டினான். விளக்கு எரியவில்லை. ஈரக்கையோடு தொட்டால் அப்படித்தான் தோன்றும் என்றான். அவனுக்குப் பின்னால் மாணவர்கள் வேலியை நோக்கி நெருங்கத் தொடங்கியிருந்தார்கள்.

பாலா எர்த்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, மைக் ஓகேதானே? வேலி அவங்களோடது. நமக்கு என்ன?"

"அங்கன நிக்கிறதும் புள்ளைங்கதாம்லே."

"மெஹ்ரா மேடம் வாட்சைப் பார்த்துட்டு இருக்காங்க. பிளீஸ், அண்ணா."

"லைட்டு, திரை எல்லாம் அணைக்கச் சொல்லு. கேபிள் பூரா பாக்கணும். அரைமணி நேரம்."

"இன்னைக்கு நிறுத்தினீங்கன்னா," பாலாவின் குரல் உடைந்தது, "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

எர்த்தின் கண் ஜெனரேட்டர் பக்கம் போனது. பாலா என்னிடம் திரும்பினான். "நீ ஆரம்பி. நீ பாட ஆரம்பிச்சுட்டா யாரும் நிறுத்த முடியாது."

மைக் என் முகத்துக்கு நேராக இருந்தது. அதில் குறை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் முதல் வரியைப் பாடினால் அத்தனை பேரும் அந்த வேலியின்மேல் வந்து விழுவார்கள் என்பதும் தெரியும். மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளாக நாங்கள் அலைந்ததெல்லாம் இந்த மாலைக்காகத்தான். 

"அண்ணா இன்னும் பாடுன்னு சொல்லலை," என்றேன்.

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாலாவும் எதிர்பார்க்கவில்லை. அவன் திகைத்து நின்ற அந்த இடைவெளியில் எர்த் ஓடினார். நகரும் படிக்கட்டுக்கும் பலூனுக்கும் அஞ்சுகிறவர், இருவர் தடுத்தும் நிற்காமல், லாரி அளவு ஜெனரேட்டரின் பெரிய சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து, சம்மட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். திரை கறுத்தது. ஆயிரக்கணக்கான தொண்டைகளிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. அதைவிட அச்சமூட்டும் ஒலியை நான் கேட்டதில்லை.

முதல் தண்ணீர்ப் பாட்டில் பறந்து வந்து மேடையில் விழுந்ததும் குர்ப்ரீத் டிரம்ஸை அடித்தான். அவன் என்னைப் பார்த்துத் தலையசைக்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

மேடை விளிம்புக்குப் போனேன். பாடினேன். முன்வரிசை அடங்கியது, அடுத்த வரிசை, முன்வரிசை ஏன் அடங்கியது என்று பார்ப்பதற்காக அடங்கியது. கர்னாலிலும் மீரட்டிலும் ஜெய்ப்பூரிலும் வரிசை வரிசையாக முன்னேறிய குரல், அன்று மழைக்குள் எதுவரை போனது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் மரத்தடியில் குடைபிடித்து நின்ற சிலர், குடையை மடக்கிவிட்டு நெருங்கி வந்ததை மட்டும் கண்டேன். டோனி கைதட்டித் தாளமிட்டான். மூன்றாவது பாட்டில் பாலாவும் என்னருகில் வந்து நின்று பாடினான்; இந்தி எழுத்துத் தாள் நனைந்து கூழாகியிருந்ததால், பாதிச் சொற்களை அவனே இயற்றிக்கொண்டான்.

திரைக்குப் போகும் கேபிள் ஒன்று, வேலியின் கால் ஒன்றின் அடியில் நசுங்கி, உறை கிழிந்து, செம்பு வெளியே தெரியக் கிடந்தது. நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது தேடிக் கண்டுபிடித்தவன் அந்த எலக்ட்ரீஷியன்தான்.  பிறகு, கழற்றிப் போட்டிருந்த தன் செருப்பைத் தேடி எடுத்து அணிந்துகொண்டான்.

கேபிளை மாற்றிய பிறகு எர்த் சுவிட்சைப் போட்டார். வேலியின் ஒரு முனைக்குப் போனார். இடக்கை பைக்குள். "எம்மா." தொட்டார். ஓரடி நகர்ந்தார். "எம்மா." தொட்டார். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பத்தாவது முறை முன்வரிசைப் பெண் ஒருத்தி அவரோடு சேர்ந்து "எம்மா" என்றாள். அதன் பிறகு வேலியின் மறுமுனை வரை, பொருள் தெரியாத அந்தச் சொல்லை அந்தப் பல்கலைக்கழகமே அவரோடு சேர்ந்து சொன்னது. கடைசியாக மேடையேறி, மைக்கைத் தொட்டு, ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஆச்சு. பாடு."

ஒன்பது நகரப் பயணம் எங்களுக்கே கிடைத்தது. முதல் அரைமணி நேரத்தை எல்லா ஊரிலும் அப்படியே செய்ய வேண்டும் என்று மெஹ்ரா மேடம் நிபந்தனை விதித்தார். சம்மட்டியோடு வரும் அந்த நடிகரையும் தவறாமல் அழைத்து வரச் சொன்னார்.

பாலா தானே சரோஜினி நகருக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். எர்த்தின் அம்மா அவனுக்கு ஏழு தோசை போட்டார்களாம். எல்லாம் சரியாயிற்று. பயணச்சீட்டுகள் வந்தபோதுதான் தெரிந்தது, ஒன்பது நகரங்களுக்கும் விமானத்தில் போக வேண்டும் என்று.

"ப்ளேன்லயா?" என்றார் எர்த். சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அது ஆகாசத்துலல்லா போகும். அங்க எர்த் எங்கம்மா இருக்கு?"

நாங்கள் நால்வரும் மாறி மாறிக் கெஞ்சினோம். ரயிலில் வரச் சொன்னோம், தேதிகள் பொருந்தவில்லை. விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தார். நகரும் படிக்கட்டு தொடங்கும் இடம்வரை வந்து, அங்கேயே நின்றுகொண்டார்.

இப்போது அவர் கோடைதோறும் அரசுக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்க் கூலர்களைத் தொட்டுப் பார்க்கிறார். எங்களுக்குச் சான்றிதழ் பெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள். எந்த மைக்கிலும் எறும்பு ஊர்வதில்லை. ஆயினும் என் குர்த்தாக்கள் அனைத்திலும் இடப்பக்கம் ஒரு பை வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். சென்ற மாதம் கல்லூரிக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போனபோதும், பேராசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இடக்கையை அந்தப் பைக்குள் செருகிக்கொண்டு, புறங்கையால் மைக்கைத் தொட்ட பிறகே தொடங்கினேன். அந்த ஒரு கணத்தில் என் கை நடுங்குகிறது. அவருடைய கையும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடுங்கியது என்பதால், அந்த நடுக்கத்தை நிறுத்த நான் முயல்வதில்லை.